தேடுசொல்லும் போட்டி வாணிகமும்

கடைத்தெருவில் வாணிகம் செய்வார்க்குப் பெயர்ப்பலகை எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது இணையத்தில் வாணிகம் செய்வார்க்குத் தேடுசொல் என்க. ஒரு பொருளை வேண்டுவோர் கூகிள் முதலிய தேடுபொறிகளில் எழுதும் சொல்லோ சொற்றொடரோ 'கீவேர்டு' எனப்படும். அதனையே ஈண்டுத் தேடுசொல் என்று வழங்குகின்றோம். அச்சொல்லை எழுதியவுடன் தோன்றும் பட்டியலில் முதற்பக்கத்து இடம் பெற்றவன் கடை, ஊரின் நடுவே நாற்சந்தியில் இருப்பதற்கு ஒப்பாம். மூன்றாம் பக்கத்தில் நிற்பவன் கடை முட்டுச்சந்தின் உட்புறத்தில் இருப்பதை ஒக்கும். ஆதலின், தன்னோடு போட்டியிடுவோனுடைய தளம் எவ்வெச் சொற்களுக்கு முன்னிற்கின்றது என்பதைக் கண்டறியும் முயற்சி இந்நாளில் ஒரு தனித்தொழிலாகவே வளர்ந்துவிட்டது. அத்தொழில் நடைபெறுமாறும், அதற்குரிய எல்லையும், அவ்வெல்லையைக் குறித்து நமது சென்னையிலேயே எழுந்த வழக்கொன்றும் இக்கட்டுரையிற் கூறப்படும்.

முதற்கண், தேடுபொறி எங்ஙனம் தேடுகின்றது என்பதை அறிதல் வேண்டும். வேதாகமத்திற்கு ஒத்தவாக்கிய அகராதி உண்டென்பதை நம் கல்லூரியில் அறியாதார் இலர். 'திராட்சை' என்னும் சொல்லை அதில் எடுப்போமாயின், அச்சொல் வரும் அதிகாரங்களும் வசனங்களும் அதன்கீழ் நிரல்பட நிற்கக் காண்போம்; அறுபத்தாறு ஆகமங்களையும் புரட்ட வேண்டுவதில்லை. தேடுபொறி செய்துவைத்திருப்பதும் அத்தகையதோர் அகராதியே. நாம் கேட்ட பின்னர் அது தளங்களைப் படிக்கத் தொடங்குவதன்று. முன்னரே தான் எட்டிய பக்கங்களையெல்லாம் படித்து, ஒவ்வொரு சொல்லின் கீழும் அது வரும் பக்கங்களைக் குறித்து வைத்துள்ளது. வேறுபாடு ஒன்றே. வேதாகம அகராதியில் வசனங்கள் நூலின் வரிசைப்படி நிற்கும். இங்கோ தகுதியின் வரிசைப்படி நிற்கும். ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் எத்துணைச் சுட்டுகின்றன, சுட்டுவனவும் எத்தகையன என்று எடைபோட்டுத் தகுதி காணும் முறையே 1998-ல் தோன்றிய கூகிளுக்குப் பெயர் வாங்கித் தந்தது. இன்று கருதப்படும் கூறுகள் மிகப் பல. அவற்றின் எடையை அந்நிறுவனம் வெளியிடுவதில்லை.

இனிப் போட்டியாளனது தேடுசொல்லை அறியுமாறு யாது? அவனையே கேட்டால் சொல்லான். ஒரு காலத்தில் இது மிக எளிதாயிருந்தது. தளம் அமைப்போர், தமக்கு வேண்டும் சொற்களைப் பக்கத்தின் உட்குறிப்பில் 'மெட்டா கீவேர்டு' என்னும் தலைப்பின்கீழ் வரிசையாக எழுதிவைப்பர்; அக்குறிப்பைத் திறந்து பார்ப்பது எவர்க்கும் இயலும். ஆனால் தொடர்பில்லாத சொற்களையெல்லாம் பலர் அதில் அள்ளிக் கொட்டினமையால், தரவரிசைக்கு அக்குறிப்பைத் தாம் கருதுவதில்லையென்று 2009-ல் கூகிள் வெளிப்படையாக அறிவித்தது. இன்றும் அதனை எழுதுவார் உளர். பழக்கம் எளிதில் விடாது போலும்!

இப்பொழுது இதனைக் கண்டு சொல்வதற்கென்றே செம்ரஷ், ஏரெஃப்ஸ், ஸ்பைஃபூ முதலிய கருவிகள் உள்ளன. இவை போட்டியாளனது பெட்டகத்தைத் திறந்து பார்ப்பன என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. ஒரு தளத்திற்கு வந்தோர் எச்சொல்லால் வந்தனர் என்பதை உடையவன் மட்டுமே, அதுவும் ஓரளவிற்கே, சர்ச் கன்சோல் என்னும் கூகிளின் ஏட்டிற் காணலாம், பிறர் காணவியலாது. மேற்கூறிய கருவிகள் செய்வது வேறு. கோடிக்கணக்கான சொற்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தேடுபொறியில் இட்டு, எவ்வெத் தளம் எத்தனையாம் இடத்தில் நின்றதென்று குறித்துக்கொள்கின்றன. பின்னர் அவ்வேட்டைத் தலைகீழாக்குகின்றன: சொல்லின் கீழ்த் தளங்கள் என்றிருந்தது, தளத்தின் கீழ்ச் சொற்கள் என்று மாறிவிடுகின்றது. இவ்வளவே அதன் மருமம். இதன்பின் போட்டியாளனது பட்டியலினின்று நம்முடைய பட்டியலைக் கழித்தால், அவன் நிற்க நாம் நில்லாத சொற்கள் எஞ்சும். அவ்வெச்சமே தேடப்பட்ட பொருள்.

எஞ்சிய எல்லாம் பயன்படுமா எனின், படா. போட்டியாளனது நிறுவனப் பெயரே அதிற் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். வேலை தேடுவோர் எழுதிய சொற்களும், பள்ளிப் பிள்ளைகள் பாடத்திற்காக எழுதியனவும் கலந்து வரும். ஒரு தளத்திற்கு ஒரு சொல்லால் எத்தனை பேர் வந்தனர் என்று கருவி கூறுவதும் மதிப்பீடேயன்றி எண்ணிக்கையன்று. அச்சொல் மாதத்திற்கு எத்தனை முறை தேடப்படுகின்றது என்பதோடு, அவ்விடத்தில் நிற்பவனுக்குப் பொதுவாக எத்தனை பங்கினர் வருவர் என்னும் ஊகத்தைப் பெருக்கிக் காட்டுகின்றது. பெருஞ்சொற்களுக்கு அவ்வூகம் ஓரளவு பொருந்தும். சிற்றூர்ச் சொற்களுக்கோ, கருவி 'சுழியம்' என்று காட்டிய சொல்லையும் மாதந்தோறும் பத்துப்பேர் எழுதிக்கொண்டிருப்பர். அப்பத்துப் பேருள் ஒருவர் வந்தாலும் சிறு பட்டறைக்கு அம்மாதத்து வேலை கிடைத்துவிடும்.

இதனை யான் ஏட்டளவிற் கூறவில்லை. திருவள்ளூரை அடுத்த மணவாள நகரில் வாழ்பவன் யான். அருகே காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டையும், வடக்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட் வளாகமும், தெற்கே திருப்பெரும்புதூர்ச் சாலை நெடுகிலும் பெருந்தொழிற்சாலைகளும் உள்ளன. அவற்றிற்கு உறுப்புகள் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைகள் எங்கள் பக்கத்தில் பல. என் தாய்மாமனும் அத்தகைய பட்டறை ஒன்று நடத்துகின்றார். அவர் தம் தளத்திற்கு இட்ட தலைப்பு, 'துல்லியப் பொறியியல் தீர்வுகள்' என்னும் பொருள்பட்ட ஆங்கிலத் தொடர். கேட்பதற்கு அது கம்பீரமாயிருந்தது. எழுதித் தேடுவார்தாம் ஒருவரும் இலர். யானும் அவருமாக, முதற்பக்கத்தில் நின்ற பட்டறைத் தளங்கள் பதினொன்றை எடுத்து, தலைப்புகளையும் உட்தலைப்புகளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினோம். 'சிஎன்சி டர்னிங் ஜாப் ஒர்க்', 'பித்தளை புஷ்', 'எஸ்எஸ் 304 ஷாஃப்ட்' என்று செய்தொழிலும் உலோகமும் உறுப்பும் ஊரும் சேர்ந்த சொற்களே அவற்றில் மிகுந்திருந்தன. செய்வோன் தன் தொழிலை ஒரு பெயரால் அழைக்கின்றான். வாங்குவோன் தனக்கு வேண்டிய உறுப்பின் பெயரால் அதனைத் தேடுகின்றான். ஒரு பொருட்குப் பல பெயர் கூறும் நிகண்டுகளைப் பயின்ற நமக்கு இது வியப்பன்று. ஆயினும் இந்நிகண்டில் எப்பெயர் வழக்கிலுள்ளது என்பதை வாங்குவோனே தீர்மானிக்கின்றான்.

பொதுச்சொற்களில் இண்டியாமார்ட், ஜஸ்ட்டயல் போன்ற வழிகாட்டித் தளங்களே முன்னிற்கக் கண்டோம். இவ்விரண்டும் 1996-ல் தோன்றியவை. ஒவ்வொரு பொருளையும் ஒவ்வோர் ஊரோடும் இணைத்துத் தனித்தனிப் பக்கம் வைத்திருப்பவை. அவற்றோடு ஒற்றைப் பட்டறை மல்லுக்கு நிற்றல் வீண். குறுகிய சொற்களை அவற்றிற்கு விட்டு, நீண்ட சொற்களைக் கைக்கொள்வதே அறிவுடைமை.

வாங்குவோன் வழங்கும் சொல்லை அறிந்து எடுத்தாளுதல் குற்றமன்று. போட்டியாளனது பெயரையே தேடுசொல்லாக எடுத்துக்கொண்டாலோ? இவ்வினாவே மேற்குறித்த வழக்கிற்குக் காரணம். தேடுபொறியில் தகுதியால் நிற்கும் பட்டியல் ஒன்று. பணம் கொடுத்து நிற்கும் விளம்பரப் பட்டியல் மற்றொன்று. பின்னதில் ஒருவன் தான் வேண்டும் சொல்லுக்கு ஏலம் கேட்கலாம். முருகவேல் ஜானகிராமன் நிறுவிய பாரத் மேட்ரிமோனி, தமிழ் மேட்ரிமோனி முதலிய திருமணத் தளங்களை அந்நாளில் கான்சிம் இன்ஃபோ என்னும் சென்னை நிறுவனம் நடத்திவந்தது. அப்பெயர்களை ஒருவர் எழுதித் தேடும்போது, ஷாதி டாட் காம், ஜீவன்சாத்தி, சிம்ப்ளிமேரி ஆகிய போட்டித் தளங்களின் விளம்பரங்கள் தோன்றுவதைக் கண்ட அந்நிறுவனம், அத்தளங்களை நடத்துவோர் மீதும் கூகிள் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2009-ல் வழக்கிட்டது. தம் வணிகக் குறி பிறர்க்கு விற்கப்படுகின்றது என்பதே அதன் முறையீடு.

வழக்கை ஆராய்ந்தவர், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய வெ. இராமசுப்பிரமணியன். 2010 செப்டம்பர் 30-ல் அவர் அளித்த ஆணை இடைக்காலத் தடை வழங்க மறுத்தது. 'தமிழ்' என்பதும் பொதுச்சொல். 'மேட்ரிமோனி' என்பதும் திருமணத்தைக் குறிக்கும் பொதுச்சொல். இரண்டையும் அடுத்து வைத்து ஒருவர் தமதாக்கிக்கொண்டால், அதே தொழில் செய்யும் பிறர் தம் தொழிலை எச்சொல்லாற் கூறுவர்? இக்கேள்வியே அவ்வாணையின் உயிர்நிலை என்பது என் கருத்து. தமிழ் பயிலும் மாணவனுக்கு இதில் ஓர் இன்பமும் உண்டு. காரணப்பெயர் எப்பொழுது இடுகுறிபோல் ஒருவர்க்கே உரியதாகின்றது என்னும் இலக்கண வினாவன்றோ நீதிமன்றத்தில் நின்றது!

அந்நிறுவனம் 2012-ல் இந்தியப் போட்டி ஆணையத்திடமும் முறையிட்டது. 2018 பிப்ரவரியில் ஆணையம் கூகிளுக்கு ஏறத்தாழ 136 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆயினும் அது தேடல் முடிவுகளில் தன் சேவைகட்கு முன்னிடம் கொடுத்தமை முதலியவற்றுக்கேயன்றி, தேடுசொல் விளம்பரத்திற்காக அன்று. அகர்வால் பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ் என்னும் பெயர் பற்றிய வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் மேலும் தெளிவு தந்தது: பிறர் குறியை விளம்பரத் தேடுசொல்லாக்குதல் அக்குறியைப் பயன்படுத்துதலேயாம், ஆனால் மக்கள் மயங்குவதற்கு இடமில்லாதவிடத்து அதுவே உரிமை மீறலாகாது. மேக்மைட்ரிப் தொடுத்த வழக்கிலும் அவ்வாண்டு டிசம்பரில் அதே நெறி பின்பற்றப்பட்டது. ஆகவே, சட்டம் தடுப்பது மயக்கத்தையே. ஆயினும் பக்கத்துப் பட்டறைக்காரர் பெயரைத் தம் பக்கத்தில் எழுத என் மாமா உடன்படவில்லை. நாளை அவரிடமே டிரில் கேட்கப் போகவேண்டியிருக்கும் என்றார். அது சட்டத்தினும் வலிய காரணமாக எனக்குத் தோன்றிற்று.

எங்கள் பக்கத்துச் சொற்களுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. திருவள்ளூர் என்பதை ஆங்கில எழுத்தில் எழுதுவோர் முதலெழுத்தை அடுத்து 'எச்' சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுகின்றனர். கும்மிடிப்பூண்டிக்கும், சேர்த்தும் பிரித்தும் எழுதப்படும் மணவாள நகருக்கும் இதே நிலை. தமிழ்நாட்டரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி 2020 ஜூன் மாதத்தில் வெளியிட்ட ஆணையும் சின்னாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. தேடுபொறி இவ்வேறுபாடுகளைப் பெரும்பாலும் ஒன்றாகவே உணர்ந்துகொள்கின்றது. கருவிகளோ வெவ்வேறு சொற்களாக எண்ணுகின்றன. ஆதலால் ஒரு கூட்டலை மட்டும் கொண்டு பார்ப்பவன் பாதிப் பட்டியலையே காண்பான்.

தமிழெழுத்தில் தேடுவோர் நிலை இன்னும் வேறு. இப்பொழுது பலர் கைப்பேசியை நோக்கி வாய்விட்டுக் கேட்கின்றனர். அது தமிழிலேயே எழுதிக்கொள்கின்றது. 'பக்கத்துல வெல்டிங் கடை', 'மோட்டார் ஷாஃப்ட் கடைஞ்சு குடுக்கிற இடம்' என்பன போன்ற தேடல்களுக்கு யாங்கள் பார்த்த பதினொரு தளங்களுள் ஒன்றேனும் விடை வைத்திருக்கவில்லை. போட்டியாளனிடத்தில் இல்லாத சொல்லைப் போட்டியாளனைப் பார்த்து அறிய வழியில்லை. ஆகையால் மாமாவின் பட்டறையில் தொலைபேசியருகே ஒரு நோட்டுத் தொங்குகின்றது. அழைப்போர் தமக்கு வேண்டியதை எப்பெயரால் கேட்கின்றனரோ அப்பெயரையே, திருத்தாமல், அங்குள்ள பையன் அதில் எழுதிவைக்கின்றான்.