ஐம்பது பேருக்கும் ஒரு மேயர்

பிரான்ஸில் ஏறத்தாழ 35,000 கொம்யூன்கள் இருக்கின்றன. மார்சேய் மாநகரும் கொம்யூன்தான், மலைச்சரிவில் ஐம்பது பேர் வாழும் சிற்றூரும் கொம்யூன்தான். பாதிக்கும் மேற்பட்டவற்றில் 500 பேர்கூட இல்லை. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மன்றமும் ஒரு மேயரும் உண்டு. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமல்ல. பிரெஞ்சு ஆட்சி விட்டுப்போன கொம்யூன் பஞ்சாயத்துகள் வில்லியனூரிலும் பாகூரிலும் இன்றும் இருக்கின்றன.

1789 டிசம்பரில் புரட்சியின் சட்டமன்றம் இந்த அமைப்பை உருவாக்கியபோது, பழைய தேவாலயப் பங்குகளின் எல்லைகளே பெரும்பாலும் கொம்யூன் எல்லைகளாயின. 1792-இல் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள் பாதிரியார் கையிலிருந்து கொம்யூன் கைக்கு வந்தன. இன்றும் தேவாலயத் திருமணத்துக்கு முன்னால், மூவண்ணப் பட்டை அணிந்த மேயர் முன் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

அதற்கான இடம் 'மேரி' எனப்படும் மேயர் அலுவலகம். பல ஊர்களில் அதுவும் பள்ளிக்கூடமும் ஒரே கட்டடம். சிற்றூர்களில் அது வாரத்தில் சில மணி நேரமே திறந்திருக்கும். செயலாளர் ஒருவரே இரண்டு மூன்று ஊர்களுக்குப் போய்வருவார். மேயர் பெரும்பாலும் விவசாயியாகவோ ஓய்வுபெற்றவராகவோ இருப்பார். கிடைப்பது சொற்பப் படித்தொகை. சாலையில் மரம் விழுந்தாலும், பக்கத்து வீட்டு நாய் ஓயாமல் குரைத்தாலும் மக்கள் தேடிப்போவது அவர் வீட்டுக் கதவைத்தான். தெற்கே வார் மாவட்டத்தில் உள்ள சீஞ் என்ற ஊரின் மேயர் ழான்-மத்தியு மிஷேல், சாலையோரம் கட்டட இடிபாடுகளைக் கொட்டிய வேனைத் தட்டிக்கேட்டார். அதே வேன் மோதி இறந்தார். 2019 ஆகஸ்டில் நடந்தது; அவருக்கு வயது 76. அந்தப் பதவியின் கனத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் நிகழ்வு எனக்குத் தெரியவில்லை.

பேக்கரியும் மதுக்கடையும் மூடிப்போன ஊர்கள் ஏராளம். பள்ளியைக் காப்பாற்ற அண்டை ஊர்கள் வகுப்புகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அப்படியும் நவம்பர் 11 அன்று போர் நினைவுத்தூண் முன் ஊர் கூடும். முதல் உலகப் போரில் மாண்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். வாசிப்பவரின் குடும்பப் பெயரே தூணிலும் இருப்பதுண்டு.

வெர்டன் அருகே ஃப்ளூரி உட்பட ஆறு ஊர்கள் 1916 போரில் மண்ணோடு மண்ணாயின. வெடிக்காத குண்டுகள் புதைந்த நிலத்தில் மக்கள் மறுபடி குடியேறவே இல்லை. அந்த ஊர்களை அரசு கணக்கிலிருந்து நீக்கவில்லை. மக்கள்தொகை பூஜ்யம் என்றாலும் ஒவ்வொன்றுக்கும் மேயர் பொறுப்பில் ஒருவர் நியமிக்கப்படுகிறார். ஃப்ளூரியில் பேக்கரி எங்கே இருந்தது, கொல்லன் பட்டறை எங்கே இருந்தது என்று காட்டும் அடையாளக் கற்களை நட்டு வைத்திருக்கிறார்கள்.

குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்க விரும்புபவர் மக்கள் பிரதிநிதிகள் 500 பேரின் கையெழுத்தைப் பெற வேண்டும். அதற்காக வேட்பாளர்களின் ஆட்கள் சிற்றூர் மேயர்களின் கதவையும் தட்டுகிறார்கள். அந்தக் காலம் கழிந்தால் பாரிஸின் பார்வை வேறுபக்கம் திரும்பிவிடுகிறது. செலவைக் குறைக்க ஊர்களை இணைக்கலாம் என்ற யோசனை மட்டும் அங்கிருந்து அடிக்கடி வருகிறது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொம்யூன்கள் அப்படி மறைந்துவிட்டன. இணைந்த ஊரில் அலுவலகம் தூரமாகிறது, தட்டுவதற்குக் கதவு இல்லாமல் போகிறது.

2020 தேர்தலில் 106 கொம்யூன்களில் போட்டியிட ஒருவர்கூட முன்வரவில்லை. இந்த மேயர்களுக்குத் தேவை இணைப்பு அல்ல. ஊருக்கு ஒரு செயலாளரும், கௌரவமான ஒரு படித்தொகையும்தான். பிரெஞ்சு அரசு முதலில் அதைக் கொடுக்கட்டும்.