மீன் தொட்டி விளக்கும் சூடேறும் கம்பியும்

கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன்கள் நீந்துவதைக் கண்டு மகிழாதார் இலர். சென்னைக் கொளத்தூரில் அலங்கார மீன் கடைகள் அத்தனை பெருகியிருப்பதே இவ்விருப்பம் எவ்வளவு பரவியுள்ளது என்பதற்குச் சான்று. 1853-ஆம் ஆண்டில் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கென மீன் காட்சியகம் திறக்கப்பட்டபோது, வீடுகளில் மின்விளக்கு என்பதே கிடையாது. இன்றோ தொட்டியின் மூடியிலேயே விளக்கைப் பொருத்திவிடுகிறோம். தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்தில் மின்சாரம்! மின்னதிர்ச்சிக்கு எல்லாரும் அஞ்சுவர், அஞ்சவும் வேண்டும். ஆனால் ஓசையின்றி, நாட்கணக்கில், கம்பி சூடேறிக் கருகுவதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அதைப் பற்றியே நான் இன்று உங்களிடம் பேச வந்துள்ளேன்.

கம்பியில் மின்சாரம் ஓடினால் சூடு ஏன் பிறக்கிறது? இதற்குரிய விதியை ஜூல் என்னும் ஆங்கில அறிஞர் 1841-இல் வெளியிட்டார். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால், நொடிக்கு எவ்வளவு வெப்பம் உண்டாகும் என்பது கிடைத்துவிடும். தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்திருப்பீர்கள். மீன் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தால் இவ்விதி உயிரோடு உலவுவதைக் காணலாம்.

தொட்டி நீர் ஓயாது ஆவியாகிறது. அந்த ஆவி மூடியின் அடிப்புறத்தில் துளித்துளியாகப் படிகிறது. ஹோல்டரின் பித்தளைத் தகட்டையும் செப்புக் கம்பியின் முனையையும் நனைக்கிறது. நாளடைவில் செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ களிம்பேறுகிறது. களிம்பு மின்சாரத்தை எளிதிற் கடத்தாது. ஆகவே அவ்விடத்தில் மின்தடை கூடுகிறது. தடை கூடவே சூடு பிறக்கிறது. சூட்டினால் களிம்பு மேலும் தடிக்கிறது. தகட்டின் பிடிப்பும் தளர்கிறது. தளர்ந்த இடத்தில் தடை இன்னும் ஏறுகிறது. தொடங்கிவிட்டால் தானே நிற்காத சுழல் இது. கடல் மீன் வளர்ப்போர் தொட்டியில் இன்னும் விரைவு, ஏனெனில் தெறிக்கும் நீர் உலர்ந்தபின் உப்பு தங்கிவிடுகிறது. அவ்வுப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு, மின்சாரம் கசியப் பாதையும் அமைத்துக் கொடுக்கும்.

"எங்கள் தொட்டியில் இருப்பது 12 வோல்ட்டு எல்.இ.டி. விளக்கு, அதனால் அச்சமில்லை" என்று சிலர் கூறுவர். அதிர்ச்சியைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரியே. சூட்டைப் பொறுத்தவரை நேர்மாறு. 60 வாட்டு விளக்கு ஒன்றை 230 வோல்ட்டில் எரித்தால் ஏறத்தாழ கால் ஆம்பியர் ஓடும். அதே 60 வாட்டு விளக்கு 12 வோல்ட்டில் எரிந்தால் 5 ஆம்பியர் ஓடும். மின்னோட்டம் 19 மடங்கு; வர்க்கப்படுத்தினால், ஒரே இணைப்பில் பிறக்கும் வெப்பம் 360 மடங்குக்கும் மேல். வெறும் 0.2 ஓம் தடையுள்ள ஓர் இணைப்பில் இந்த 5 ஆம்பியர் ஓடினால் 5 வாட்டு வெப்பம் உண்டாகும். கடுகளவு உலோக முனையில் அவ்வளவு சூடு குவிந்தால், அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகாமல் என் செய்யும்?

இனி ஒரு கேள்வி எழும். ஃப்யூஸ் எதற்காக இருக்கிறது? அது காப்பாற்றாதா? காப்பாற்றாது. ஃப்யூஸ் அறிவது மின்னோட்டம் அளவுக்கு மீறியதா என்பதை மட்டுமே. களிம்பேறிய இணைப்பில் ஓட்டம் மிகுவதில்லை, சற்றுக் குறைவதே இயல்பு. கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லியாம்பியர்க் கருவியை ஒவ்வொரு வீட்டிலும் நான் வேண்டுவேன். அது உயிர் காப்பது. எனினும் மின்சாரம் வெளியே கசியாதவரை அதுவும் வாளாவிருக்கும். ஆதலால் இங்கே காவற்காரன் நம் கண்ணும் மூக்குமே.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் நான்கடி நீளத் தொட்டி ஒன்று இருந்தது. அதன் குழல்விளக்கு அவ்வப்போது மினுக்கும்; மாணவர் மூடியின் மேல் ஒரு தட்டுத் தட்டுவர்; விளக்கு ஒழுங்காக எரியும். தட்டினால் தளர்ந்த தகடு கணநேரம் பொருந்துகிறது, அவ்வளவே. விளக்கை இரவிலும் எரியவிட்டுச் செல்வது அங்கே வழக்கம். ஒருநாள் ஆசிரியை ஒருவர் மீன்வாடையோடு வேறொரு காந்தல் நெடியும் கலந்திருப்பதை உணர்ந்து, ப்ளக்கைப் பிடுங்கச் செய்தார். மூடியைக் கழற்றியபோது நானும் உடனிருந்தேன். ஹோல்டரின் ஒரு பக்கம் உருகிச் சரிந்திருந்தது. உள்ளே கம்பியின் உறை கறுத்து, தொட்டவுடன் அப்பளம்போல் நொறுங்கியது. சாதாரணப் பி.வி.சி. உறை 70 பாகை செல்சியஸ் வரைதான் தாங்கும். அதற்கு மேல் நெடுநாள் வெந்தால் மென்மை போய் வெடித்துவிடும். அவ்வகுப்பில் மீனுக்கு உணவிடும் முறை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுடையது. வெறுங்கம்பிக்கும் அவர்கள் கைக்கும் இடையே இருந்தது அந்த நொறுங்கிய உறைதான்.

சூடெல்லாம் பழுதல்ல என்பதையும் கூறவேண்டும். பழைய குழல்விளக்கின் சோக்கு இயல்பாகவே சுடும். 40 வாட்டு விளக்கின் சோக்கு ஏறத்தாழ 10 வாட்டை வெப்பமாக விடும். அதைத் தொட்டி மூடிக்குள் அடைக்காமல் வெளியே காற்றாட வைப்பது நலம். ஆனால் ஒயரோ ப்ளக்கோ ஹோல்டரோ சுடக்கூடாது. ஒரு மணி நேரம் எரிந்தபின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, ஈரமில்லாப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கை தாங்கவில்லையேல், அல்லது பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால், அந்த விளக்கை அன்றே ஓய்வு கொள்ளச் செய்க.

கருகிய ஹோல்டரை உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் பூட்டுவது வீண் வேலை. தகட்டின் விறைப்பு போய்விட்டது, புதிதுதான் வேண்டும். ஒயரைப் பளிச்சென்ற செம்பு தெரியும் இடம்வரை நறுக்கிவிட வேண்டும். நறுக்கக் குறைந்தால் முழு ஒயரையே மாற்றுக. இழைக்கம்பியின் முனையில் ஈயம் பற்றவைத்துத் திருகாணியின் கீழ் இறுக்குவது நம் ஊரிற் பலர் செய்வது. பார்க்க உறுதியாகத் தோன்றும். ஆனால் ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலக, திருகு தானே தளரும். முனையில் செப்புக் குழாய்த் துண்டைச் செருகி நசுக்கிப் பூட்டுவதே முறை. உலோக மூடியாயின் தரையிணைப்பு கட்டாயம். இவற்றை மின்வினைஞரே செய்யட்டும். மாணவர்களாகிய நீங்கள் அருகில் நின்று, அவர் நறுக்கிய கம்பி பளிச்சென்றிருக்கிறதா என்று பாருங்கள். ஒயரைச் சுவரின் ப்ளக்குக்கு நேரே இழுக்காமல், அதற்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விடச் சொல்லுங்கள். ஒயர் வழியே வழிந்து வரும் நீர் அவ்வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்.