வளரும் பிள்ளைகளின் நோவும் மருந்தில்லா உபாயங்களும்

நெய்யாறு கடலோடு கலக்கும் பூவாரிலும், பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு சென்னை இராஜ்யத்தைச் சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அங்கே ஒரு தமிழ்ச் சிறுமி வைத்தியரிடம் "வலி" என்றால் பொருள் மாறக்கூடும். மலையாளத்தில் அச்சொல் இழுத்தலைக் குறிப்பது. "வேதன" என்றால் விளங்கும். "நோவு" என்பதோ இரு மொழிக்கும் பொதுச் சொல்.

இது அற்பமான விஷயம் அன்று. காய்ச்சலை அளக்கக் கருவி உண்டு. நோவை அளப்பது நோகின்றவர் சொல்லே. அச்சொல்லை மதித்தல் வேண்டும் என்று சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் வலியுறுத்தியது. ஆகவே, "பள்ளிக்கு மட்டம் போடுகிறாய்" என்று கடியாமல், குத்தலா, குடைச்சலா, உளைச்சலா என்று பிள்ளையிடம் தாய்மொழியிலேயே கேளுங்கள்.

1965-இல் மெல்சாக், வால் என்னும் அறிஞர் இருவர், தண்டுவடத்தில் நோவுச் செய்திகளுக்கு ஒரு கதவு போன்ற அமைப்பு உண்டு என்றனர். அதன் நுட்பங்கள் பிற்காலத்தில் திருத்தப்பட்டன; ஆயினும் அச்சமும் உறக்கமின்மையும் நோவை மிகுவிக்கும், அமைதியும் இதமான தொடுகையும் அதனைத் தணிக்கும் என்பது நிலைபெற்ற உண்மை.

மாதவிலக்கு நோவுக்கு அடிவயிற்றில் இளஞ்சூட்டு ஒத்தடம் இதம் தரும். சூடு தோலைச் சுடாதிருக்கத் துணி சுற்றுக. புதிய சுளுக்குக்குப் பனிக்கட்டியைத் துணியில் பொதிந்து, சிறிது நேரம் வைத்தெடுக்கலாம். தலைநோவுக்கு நேரத்தோடு உணவு, போதிய நீர், ஒழுங்கான உறக்கம் ஆகியன துணை. மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் மெல்ல விடும் பயிற்சி எந்நோவிலும் மனப் பதற்றத்தைக் குறைக்கும்.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் நோவுக்கு உடற்பயிற்சியும் மனப்பயிற்சியும் சிகிச்சையின் அங்கங்கள் என உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கூறியது. நோவு முற்றும் நீங்கட்டும் என்று காத்திராமல், படிப்படியாகப் பள்ளிக்கும் விளையாட்டுக்கும் திரும்பச் செய்வதே நன்று.

தென் திருவிதாங்கூரில் வர்ம ஆசான்மாரிடம் உழிச்சல் செய்துகொள்ளும் மரபு உண்டு. எலும்பு முறிவோ புதிய வீக்கமோ இருப்பின் உழிச்சல் கூடாது.

காய்ச்சல், உடல் மெலிதல், மூட்டு வீக்கம், மரத்துப்போதல், உறக்கத்தைக் கலைக்கும் நோவு, கடும் வயிற்று நோவு ஆகியவற்றில் தாமதியாமல் வைத்தியரை நாடுக. மருந்து வேண்டியவிடத்து அதனை மறுப்பதும் பிழையே. அயல்மொழி நாட்டில் வாழும் பெற்றோரே, உங்கள் பிள்ளையின் நோவை முதலில் மொழிபெயர்க்க வேண்டியவர் நீங்களே.