வீட்டுக்குள் சிகரெட் புகை: வளர்ப்பு டாரன்டுலாவுக்கு நஞ்சாவது எப்படி?

கண்ணாடிப் பெட்டியில் டாரன்டுலா எனும் பெருஞ்சிலந்தியை வளர்க்கும் ஆர்வம் இந்திய நகரங்களிலும் சிலரிடம் உண்டு. பெட்டி மூடியிருக்கிறது, சிலந்திக்கு மூக்கும் கிடையாது, பிறகு அதே அறையில் சிகரெட் பிடிப்பதால் என்ன ஆகிவிடும் என்று அவர்களில் சிலர் எண்ணக்கூடும். ஆனால் நிகோடின் என்பது பூச்சி போன்ற கணுக்காலிகளைக் கொல்வதற்கென்றே மனிதர்கள் நெடுங்காலம் பயன்படுத்திய நஞ்சு. சிலந்தியும் கணுக்காலி இனத்தைச் சேர்ந்ததே.

புகையிலைச் செடி நிகோடினைச் சுரப்பது, தன் இலையைத் தின்ன வரும் பூச்சிகளிடமிருந்து தப்பிக்கத்தான். நிகோடின் சல்பேட் ஒரு காலத்தில் பூச்சிக்கொல்லியாக விற்கப்பட்டது. இந்தியாவில் அதன் பயன்பாடு தடை செய்யப்பட்டுள்ளது. இன்று வயல்களில் தெளிக்கப்படும் இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகளும் நிகோடின் செயல்படும் அதே வழியில்தான் செயல்படுகின்றன. நரம்புகளில் அசிட்டைல்கோலினை ஏற்கும் இடங்களில் நிகோடின் சென்று ஒட்டிக்கொள்கிறது. அளவு கூடினால் நரம்புகள் ஓயாமல் தூண்டப்பட்டு முதலில் நடுக்கமும், பின்னர் செயலிழப்பும் ஏற்படுகின்றன.

டாரன்டுலாவின் வயிற்றின் அடிப்பகுதியில் இரண்டு இணை 'புத்தக நுரையீரல்கள்' உள்ளன. புத்தகத்தின் தாள்களைப் போல மெல்லிய ஏடுகள் அடுக்கடுக்காக அமைந்திருப்பதால் இந்தப் பெயர். ஏடுகளின் இடையே காற்று புகுந்து, மறுபுறம் ஓடும் நீலநிறக் குருதிக்கு ஆக்சிஜனை அளிக்கிறது. பெட்டியின் காற்றுத் துளைகள் வழியே வரும் நுண்துகள்களும் இதே பாதையில் நுழையலாம்.

புகை மட்டுமே பிரச்சினை அல்ல. அது அடங்கிய பின்னும் சுவர், திரைச்சீலை, கைவிரல் ஆகியவற்றில் நிகோடின் படிந்திருக்கும். சிலந்தியோ கால் நுனியிலுள்ள மயிர்களால் தரையைச் சுவைத்தறியும் உயிரினம். சிகரெட் பிடித்த கையோடு தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்புவதும், உணவுக்கான சில்வண்டை எடுத்துப் போடுவதும் நஞ்சை நேரே அதன் வாயருகே கொண்டு சேர்க்கும் செயல்கள்.

சிலந்தி குறித்த இந்த எச்சரிக்கை அதன் உடலமைப்பையும் நிகோடினின் தன்மையையும் கொண்டு எழுவது. பூனைகளைப் பொறுத்தவரை மருத்துவ ஆய்வே உள்ளது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், புகைப்பவர் வீட்டுப் பூனைகளுக்கு நிணநீர்ப் புற்றுநோய் வரும் அபாயம் இரு மடங்குக்கும் அதிகம் எனத் தெரியவந்தது. உடலை நக்கிச் சுத்தம் செய்யும்போது மயிரில் படிந்த புகைக்கழிவையும் பூனை விழுங்குவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இந்தியாவில் பொது இடங்களில் புகைக்க 2008 அக்டோபர் 2 முதல் தடை நடைமுறையில் உள்ளது. வீடு அந்தத் தடைக்குள் வராது. 2016-17-ஆம் ஆண்டின் உலகளாவிய வயதுவந்தோர் புகையிலை ஆய்வின்படி, நாட்டில் வயதுவந்தோரில் 38.7 சதவீதம் பேர் வீட்டிலேயே பிறர் விடும் புகைக்கு ஆளாகின்றனர்.

நம் வீடுகளில் சிகரெட்டைவிடவும் சிலந்திக்கு ஆபத்தான ஒன்று உண்டு: கொசுவர்த்தி. அதிலும் திரவக் கொசுவிரட்டியிலும் உள்ள பைரித்ராய்டு வகை வேதிப்பொருள்கள் கணுக்காலிகளின் நரம்பையே தாக்குபவை. சிகரெட்டை மாடியில் பிடித்துவிட்டு, படுக்கையறையில் சிலந்திப் பெட்டியின் அருகே கொசுவர்த்தி ஏற்றுவதில் பயனில்லை.

கால்கள் நடுங்குவது, நடை தடுமாறுவது, நிலைகொள்ளாமல் துள்ளுவது ஆகியவை நஞ்சின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். அப்படியானால் பெட்டியைப் புகையற்ற, காற்றோட்டமான அறைக்கு மாற்றி, உள்ளே பரப்பியுள்ள தேங்காய் நார்த்தூளையும் தண்ணீரையும் புதிதாக வைக்க வேண்டும். பெட்டியைத் தொடும் முன் கையை சோப்பிட்டுக் கழுவுவது அவசியம். உணவை மறுப்பதை மட்டும் வைத்து அஞ்ச வேண்டியதில்லை. தோலுரிக்கும் முன் டாரன்டுலா பல வாரங்கள் பட்டினி கிடப்பது இயல்பு. தோலுரிக்கும்போது அது மல்லாந்து கிடக்கும். இறந்துவிட்டதாக எண்ணி அப்போது அதைத் தொட்டுவிடக் கூடாது.