ஓர் எழுத்து மாறினால்...

ஹீமோகுளோபினுக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும். வட்டமாக இருக்க வேண்டிய ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாளைப்போல வளைந்துவிடும். அவை நுண்ணிய ரத்த நாளங்களை அடைத்து, கடும் வலியையும் ரத்தசோகையையும் உண்டாக்கும். இந்தியாவில் இக்குறைபாடு முதன்முதலில் 1952-இல் பதிவு செய்யப்பட்டது நீலகிரிப் பழங்குடியினரிடம்தான்.

ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட மனித மரபுத்தொகுதியில் மாறிப்போன அந்த ஓர் எழுத்தை எப்படிக் கண்டறிவது? இதற்கு வழிகாட்டியவை பாக்டீரியாக்கள். தம்மைத் தாக்கும் வைரஸின் டி.என்.ஏ.வைத் துண்டாட அவை சில நொதிகளை வைத்திருக்கின்றன. தனக்குரிய எழுத்து வரிசையைக் கண்டால் மட்டுமே அந்த நொதி வெட்டும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் வெட்டாது.

இயல்பான மரபணுவில் 'ஜிஏஜி' என்றிருக்கும் இடம் அரிவாள் செல் நோயில் 'ஜிடிஜி' என்றாகிறது. அதனால் நொதி வெட்டும் இடமே மறைந்துவிடுகிறது. 1982-இல் எம்எஸ்டி-2 என்ற நொதியைக் கொண்டு இம்மாற்றம் நேரடியாகக் கண்டறியப்பட்டது. பின்னர் பி.சி.ஆர். முறை வந்ததும் பணி எளிதாயிற்று. மரபணுவின் அந்தப் பகுதியை மட்டும் கோடிக்கணக்கில் நகலெடுத்து, நொதியைச் சேர்த்து, ஜெல்லில் இட்டு மின்சாரம் செலுத்துகிறார்கள். சிறிய துண்டுகள் விரைந்து நகரும், பெரியவை பின்தங்கும். இயல்பானவருக்குச் சிறு துண்டுகள் மட்டும் தெரியும். நோயாளிக்கு வெட்டுப்படாத நீண்ட துண்டு மட்டும் தெரியும். மாறிய மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவருக்கு இரண்டும் தெரியும்.

இந்த மூன்றாமவர் நோயாளி அல்லர். ஆனால், அவரைப் போன்ற இருவர் மணந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. கருவிலேயே உண்மையை அறிய டி.என்.ஏ. சோதனை உதவுவது இங்குதான்.

அரிவாள் செல் நோயை 2047-க்குள் ஒழிக்கும் இலக்குடன் 2023-இல் தொடங்கப்பட்ட தேசியத் திட்டம், 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க முனைந்துள்ளது. முதற்கட்டமாகச் செய்யப்படும் எளிய கரைதிறன் சோதனை, நோயாளியையும் மரபணுவைச் சுமப்பவரையும் பிரித்துக் காட்டாது. உறுதிப்படுத்தும் சோதனையும், அவரவர் மொழியில் விளக்கும் ஆலோசகரும் இன்றியமையாதவர்கள். 1970-களில் அமெரிக்காவில் போதிய விளக்கமின்றி நடத்தப்பட்ட பரிசோதனைகளால், நோயற்றவர்களும் வேலைவாய்ப்பிலும் காப்பீட்டிலும் புறக்கணிக்கப்பட்டனர்.

சோதனைச்சாலை எழுத்து மாற்றத்தை மட்டுமே காட்டும். அது ஒரு பெண்ணின் திருமணத்தைத் தடுக்கும் முத்திரையாகுமா, குடும்பத்தைக் காக்கும் முன்னறிவாகுமா என்பது, முடிவை நாம் எப்படிச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது.