மேடை ஏறப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்!

'பாடி பில்டிங்' என்றதும் உங்கள் மனக்கண்ணில் யார் வந்து நிற்கிறார்கள்? உடம்பெல்லாம் எண்ணெய் மினுமினுக்க, புஜத்தை முறுக்கிக் காட்டும் ஓர் ஆண்தானே? அந்த இடத்தில் ஒரு பெண்ணை நிறுத்திப் பாருங்கள். அதுவும் இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒரு பெண்ணை!

இது கற்பனை இல்லை. வாணியம்பாடியைச் சேர்ந்த சங்கீதா, 2022-ம் ஆண்டு தென்னிந்திய பாடி பில்டிங் போட்டியில் பெண்கள் பிரிவில் தங்கப் பதக்கம் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 35. கூலி வேலைக்குப் போய்க்கொண்டே பயிற்சி செய்தவர். ஹைதராபாத்தில் குடும்பத் தலைவியாக இருந்த கிரண் டெம்ப்ளா, 2013-ல் புடாபெஸ்ட் நகரில் நடந்த உலகப் போட்டி வரை போய் வந்தார்.

உலக அளவில் பெண்களுக்கான 'மிஸ் ஒலிம்பியா' போட்டி 1980-லேயே தொடங்கிவிட்டது. மலை மாதிரி தசை வேண்டாம், அளவான தசையும் சீரான உடலமைப்பும் போதும் என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் 'பிசிக்' பிரிவு. ஒலிம்பியா மேடையில் இந்தப் பிரிவு முதன்முதலாக 2013-ல் நடந்தது. ஜெயித்தவர் அமெரிக்காவின் டானா லின் பெய்லி.

சரி, இதெல்லாம் பெரிய ஊர் சமாசாரம். கடலாடியிலோ சாயல்குடியிலோ இருக்கும் ஒரு பெண்ணுக்கு இது நடக்குமா? நடக்கும். ஆனால், ஆசை மட்டும் போதாது. உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் செய்யத் தெரிய வேண்டும்.

உழைக்கிற உடம்பு போதாதா?

"எங்க ஊர்ப் பொம்பளைங்க பண்ணாத எக்சர்சைஸா? குடம் குடமா தண்ணி தூக்குறோம், உப்பளத்துல உப்புச் சுமக்குறோம்..." என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி! வாலிநோக்கம் உப்பளத்திலும், பாம்பன் பக்கம் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பதிலும் பெண்கள் படுகிற பாடு சாதாரணமானதா என்ன?

ஆனால், தசை வளர மூன்று விஷயம் வேண்டும். தூக்கும் எடை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும். நல்ல புரதச்சத்து வேண்டும். ஓய்வும் தூக்கமும் வேண்டும். உப்பள வேலையில் தினமும் அதே சுமைதான், சாப்பாட்டில் பெரும்பகுதி சோறுதான், ஓய்வு என்பது கிடையவே கிடையாது. அதனால்தான் அந்த உழைப்பு உடம்பைத் தேய்க்கிறதே தவிர, தசையை வளர்ப்பதில்லை.

இன்னொரு பயமும் உண்டு. "வெயிட் தூக்குனா ஆம்பள மாதிரி ஆயிருவியேத்தா!" என்று வீட்டில் பாட்டி அலறுவார். கவலை வேண்டாம். ஆண்களின் தசையைப் பெரிதாக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன், பெண்களுக்கு ஆண்களில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. எடை தூக்குவதால் மட்டும் மீசை முளைக்காது. குரலும் மாறாது. எலும்பு உறுதியாகும். அவ்வளவுதான்!

முதல் படி: ரத்தம்

ஜிம்முக்குப் போகுமுன் மருத்துவமனைக்குப் போங்கள். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை! அதாவது, இருவரில் ஒருவர். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். ரத்தம் இல்லாத உடம்பில் எடை தூக்கினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும், முன்னேற்றம் மட்டும் வராது.

முருங்கைக்கீரை, பயறு வகைகள், சாப்பிடுபவர்களுக்கு ஆட்டு ஈரல், சுவரொட்டி எல்லாம் இரும்புச்சத்துக்கு நல்லவை. கூடவே ஒரு நெல்லிக்காயோ, எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தை விடுங்கள். டீ, இரும்புச்சத்தைச் சேரவிடாமல் தடுக்கும். சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம் ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எத்தனை நாள் ஆகும்?

'மூன்றே மாதத்தில் மேடை' என்று யாராவது சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்! புதிதாகத் தொடங்கும் பெண்ணுக்கு ஒன்று அல்லது இரண்டு வருட அடித்தளப் பயிற்சி தேவை. வாரத்துக்கு நான்கு நாள் போதும். ஸ்குவாட், டெட் லிஃப்ட், தோள் பயிற்சி, முதுகுப் பயிற்சி ஆகியவைதான் அஸ்திவாரம். எட்டிலிருந்து பன்னிரண்டு முறை தூக்குங்கள். கடைசி இரண்டு முறை 'அப்பாடா' என்று இருக்க வேண்டும். அது சுலபமாகிவிட்டால் எடையைக் கொஞ்சம் கூட்டுங்கள். ராமநாதபுரம் சீமை வெயில் உங்களுக்குத் தெரியாததா? காலை ஏழு மணிக்குள் பயிற்சியை முடித்துவிடுவது நல்லது.

கடல் தரும் புரதம்

பயிற்சி செய்யும் பெண்ணுக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 முதல் 2.2 கிராம் வரை தினமும் புரதம் வேண்டும். உங்கள் எடை 55 கிலோ என்றால் குறைந்தது 88 கிராம். 'ஐயோ, அதுக்கு ஆயிரக்கணக்கில் டப்பா பவுடர் வாங்கணுமே' என்று மலைக்காதீர்கள். மீன் 200 கிராமில் 40 கிராம் கிடைக்கும். முழு முட்டை இரண்டு, வெள்ளைக்கரு மூன்று சேர்த்தால் 23 கிராம். பாசிப்பயறு 50 கிராமில் 12. இரண்டு டம்ளர் பாலில் 13. ஆக, 88 கிராம் வந்துவிட்டது! சாளையும் நெத்திலியும் கரைக்கு வரும் ஊரில் இருந்துகொண்டு பவுடர் டப்பாவைத் தேடலாமா? மீனைப் பொரிக்காமல் குழம்பாகவோ, கல்லில் லேசாகச் சுட்டோ சாப்பிடுங்கள்.

போட்டிக்கு முந்தைய நான்கு மாதம்

தசைமேல் இருக்கும் கொழுப்பைக் குறைத்தால்தான் மேடையில் தசை தெரியும். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவிகிதத்துக்கு மேல் குறைக்காதீர்கள். வேகமாகக் குறைத்தால் கஷ்டப்பட்டுச் சேர்த்த தசையும் சேர்ந்து கரைந்துவிடும்.

இங்கேதான் மிக முக்கியமான எச்சரிக்கை. பெண் உடம்பு ஒழுங்காக இயங்க சுமார் 12 சதவிகிதக் கொழுப்பாவது அவசியம். உணவு மிகவும் குறைந்தால், 'இந்த உடம்பில் ஒரு குழந்தையைச் சுமக்க முடியாது' என்று மூளை முடிவு கட்டி, மாதவிலக்கை நிறுத்திவிடும். "பீரியட்ஸ் வரலையா? நல்லதுதான், தொல்லை விட்டது" என்று சந்தோஷப்படாதீர்கள்! ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு கரையும். மாதவிலக்கு தள்ளிப்போகத் தொடங்கினாலே உணவைக் கூட்டுங்கள், மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில்தானே இருக்கிறது?

ஊசியும் மாத்திரையும்

"இதைப் போட்டுக்கோம்மா, சீக்கிரம் ரிசல்ட் வரும்" என்று யாராவது ஊசியை நீட்டலாம். அனபாலிக் ஸ்டீராய்டு பெண்ணின் குரலைத் தடிக்க வைக்கும், முகத்தில் ரோமம் வளர்க்கும். மருந்தை நிறுத்தினாலும் குரல் பழையபடி திரும்பாமலே போகலாம். பாட்டி பயந்தாரே, அது எடையால் வருவதில்லை. இந்த ஊசியால்தான் வருகிறது!

இன்னொன்று, நீரை வெளியேற்றும் மாத்திரை. தசை 'கட்' ஆகத் தெரிய வேண்டும் என்று தண்ணீரை நிறுத்தி, இந்த மாத்திரையைப் போடுவார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் தாறுமாறானால் இதயமே நின்றுவிடும். உலகப் புகழ்பெற்ற வீரர் முகமது பெனாஸிஸா, 1992-ல் நெதர்லாந்தில் ஒரு போட்டி முடிந்த கையோடு இப்படித்தான் உயிரிழந்தார். இந்த மருந்துகள் எல்லாமே ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருப்பவை. கடைசி நாள் வரை தண்ணீர் குடியுங்கள்.

மேடையும் வீடும்

பிசிக் பிரிவில் வெறுங்காலோடு நிற்க வேண்டும். முன், பின், பக்கவாட்டு என்று நிலைகள் காட்ட வேண்டும். கை முஷ்டியாக இருக்கக் கூடாது, விரல்கள் விரிந்திருக்க வேண்டும். இதைக் கடைசி வாரத்தில் கற்க முடியாது. தினமும் பதினைந்து நிமிடம் கண்ணாடி முன் பழகுங்கள். அமைப்புக்கு அமைப்பு விதி மாறும் என்பதால், பெயர் கொடுக்குமுன் விதிகளைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.

உடை, ஈருடை நீச்சலுடை மாதிரி இருக்கும். மறைத்து என்ன பயன்? வீட்டில் பிரச்னை வரும் இடமே இதுதான். போட்டி அன்று காலையில் சொல்லாமல், பயிற்சி தொடங்கும்போதே அம்மாவிடமோ கணவரிடமோ மனம் விட்டுப் பேசுங்கள். மேடையில் நடுவர் பார்ப்பது உங்கள் உழைப்பை என்று புரிய வையுங்கள். முடிந்தால் அவர்களையே ஒரு போட்டிக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள். உங்களுக்கே அந்த உடையில் மனம் ஒப்பவில்லையா? மேடை ஏறாமல் பயிற்சியைத் தொடருங்கள். யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

போட்டி முடிந்ததும் பிரியாணிச் சட்டியில் விழுந்துவிடாதீர்கள்! காய்ந்த உடம்பு ஒரே வாரத்தில் உப்பி, மனமும் சோர்ந்துவிடும். உணவை வாரா வாரம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மேடையில் காட்டிய அந்த உடம்பு சில நாட்களுக்கானது. வருடம் முழுக்க அப்படி இருக்க நினைப்பது ஆபத்து.

கோப்பை ஒருவருக்குத்தான் கிடைக்கும். ஆனால் சுத்தமான ரத்தம், உறுதியான எலும்பு, தவறாத மாதவிலக்கு ஆகிய மூன்றும் கையில் இருந்தால், கடைசி இடத்தில் வந்தாலும் நீங்கள் ஜெயித்தவர்தான். நாளைக்கே ஜிம்மைத் தேட வேண்டாம். நாளைக் காலை முதல் வேலையாக ஹீமோகுளோபினைப் பார்த்துவிட்டு வாருங்கள்!