பரிசாக வந்த கழுகு! ரகசியம் கேட்ட மரப் பலகை!!

பாட்டரி கிடையாது. மின்சாரக் கம்பி கிடையாது. ஆனாலும் ஒரு கருவி 7 ஆண்டு காலம் வேலை செய்தது. ஒரு நாட்டின் ரகசியங்களை இன்னொரு நாட்டுக்குச் சொன்னது!

இது நடந்த இடம், ரஷியாவின் தலைநகரான மாஸ்கோ.

1945-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். மாஸ்கோவில் அமெரிக்கத் தூதராக இருந்தவர் ஹாரிமன். அவருக்கு ரஷியச் சிறுவர்கள் ஒரு பரிசு கொடுத்தார்கள். மரத்தில் செதுக்கிய கழுகு அது. அமெரிக்க சர்க்காரின் முத்திரை!

அழகான வேலைப்பாடு. தூதரின் மாளிகையில், சுவரில் அதை மாட்டினார்கள்.

தூதர்கள் வந்தார்கள், போனார்கள். கழுகு மட்டும் அங்கேயே இருந்தது. அறையில் பேசியது எல்லாம் ரஷிய உளவாளிகளுக்குக் கேட்டது!

பிடிபட்டது எப்படி?

1952-ம் ஆண்டு. அப்போது கென்னன் என்பவர் தூதர். "யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள்" என்ற சந்தேகம் எழுந்தது.

கென்னன் ஒரு தந்திரம் செய்தார். தம் அறையில் உட்கார்ந்து, ஒரு பழைய கடிதத்தை உரக்கச் சொன்னார். உதவியாளர் எழுதுவது போல எழுதினார். அந்த நேரத்தில் நிபுணர்கள் கருவிகளுடன் அறையைச் சோதித்தார்கள்.

அகப்பட்டது, கழுகுப் பலகை!

உள்ளே என்ன?

சிறிய உலோகக் குப்பி ஒன்று. அதன் வாயில் மிக மெல்லிய தகடு. பக்கத்தில் ஒரு குச்சி ஏரியல். அவ்வளவுதான்!

வெளியே இருந்து உளவாளிகள் ரேடியோ அலையை வீசுவார்கள். அது ஏரியலில் படும். அறையில் யாராவது பேசினால் மெல்லிய தகடு அதிரும். அதற்கு ஏற்றபடி, திரும்பிப் போகும் அலையும் மாறும். அதைப் பிடித்துப் பேச்சைக் கேட்டார்கள்.

அலையை நிறுத்தினால் கருவி ஊமை. அதனால்தான் இத்தனை ஆண்டுகள் சோதனையில் சிக்கவில்லை.

இதைச் செய்தவர் தெர்மின் என்ற ரஷிய விஞ்ஞானி. கையால் தொடாமலே வாசிக்கும் இசைக் கருவியைக் கண்டுபிடித்தவரும் அவரே. உளவுக் கருவியைச் செய்தபோது அவர் ஒரு கைதி!

1960-ம் ஆண்டு மே மாதம், ஐ.நா. பாதுகாப்பு சபையில் அமெரிக்கா இந்தக் கழுகை உலகத்துக்குக் காட்டியது.

உங்கள் காரிலும் உண்டு!

காரின் முன் கண்ணாடியில் "பாஸ்டேக்" ஒட்டியிருக்கிறதே, அதிலும் பாட்டரி இல்லை. சுங்கச்சாவடியில் உள்ள ஏரியல் ரேடியோ அலையை வீசுகிறது. அந்த அலையில் இருந்தே பாஸ்டேக் துளி மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. உடனே விழித்துத் தன் எண்ணைச் சொல்கிறது. சுங்கப் பணம் கணக்கில் இருந்து கழிகிறது.

அப்படியானால் வீட்டு மின்விசிறியையும் இப்படிச் சுற்ற வைக்கலாமே?

அது கஷ்டம். ரேடியோ அலை போகப் போகப் பரவிவிடும். தூரம் இரண்டு மடங்கு ஆனால், கிடைக்கும் சக்தி நான்கில் ஒரு பங்குதான்.

1975-ம் ஆண்டு அமெரிக்காவில் கோல்ட்ஸ்டோன் என்ற இடத்தில் பெரிய சோதனை நடந்தது. சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்கு 30 கிலோவாட்டுக்கு மேல் மின்சக்தியை அலையாக அனுப்பினார்கள். அதற்குத் தேவைப்பட்ட ஏரியல் தட்டின் அகலம் 26 மீட்டர்!

ஆகவே, மின்விசிறிக்குக் கம்பிதான் கதி. ஒரு எண்ணைச் சொல்ல மட்டும், காற்றில் வரும் அந்தத் துளி மின்சாரம் போதும்.